கடலோரப் பாதுகாப்பைப் பற்றித் தம்பி எழுதினால் என்ன ஆபத்து வரும்?

பாகூரிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அவருடைய தம்பி கடலூரில் ஒரு நாளிதழுக்குப் பகுதி நேர நிருபர். மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு கடலோரப் பாதுகாப்புக்கென்று ஒதுக்கிய பணம் நம் கரையில் எப்படிச் செலவானது, ரோந்துப் படகுகளின் டீசல் கணக்கும் ரிப்பேர் கணக்கும் என்ன சொல்கின்றன என்று தோண்டிப் பார்க்க ஆசைப்படுகிறாராம். வீட்டில் அம்மாவுக்குத் தூக்கம் போய்விட்டது. "இதில் நிஜமாகவே உயிருக்கு ஆபத்தா, இல்லை நாங்கள்தான் தேவையில்லாமல் பயப்படுகிறோமா? அவனைத் தடுக்கலாமா, விடலாமா?" என்பது கேள்வி.

இரண்டு ஊரிலும் நிருபராக அலைந்து, பிறகு டெஸ்கில் உட்கார்ந்தவன் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஆபத்து உண்டு. அம்மா பயப்படுகிற அரிவாள் கடைசியில்தான் வரும், பெரும்பாலும் வராமலே போகும். அதற்கு முன்னால் வருவது நோட்டீஸ், விசாரணை, போன் பறிமுதல், வழக்கு, வேலை போவது. இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரிச் செய்திகளில் அடி மேலே இருக்கும் ஆசிரியர் மீதோ முதலாளி மீதோ முதலில் விழுவதில்லை. லைன் கணக்கில் காசு வாங்கும் நிருபர், கூடப் போன மொழிபெயர்ப்பாளர், வண்டி ஓட்டிய டிரைவர், தகவல் கொடுத்த ஏட்டு என்று யார் கையில் காகிதம் இல்லையோ அவர்களைத்தான் அது தேடி வரும். உங்கள் தம்பி அந்த வரிசையில் எங்கே நிற்கிறார், அவருக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது.

இது புதிதாக வந்ததும் கிடையாது. 1908-ல் 'இந்தியா' பத்திரிகை மீது சென்னையில் ராஜத்துரோக வழக்கு வந்தபோது அதில் எழுதிக்கொண்டிருந்தவர் பாரதி. ஜெயிலுக்குப் போனவர், பதிவேட்டில் ஆசிரியர் என்று பெயர் இருந்த சீனிவாசன். பாரதி புதுச்சேரிக்கு வந்தார், பத்திரிகையும் இங்கே வந்தது. பிரெஞ்சு மண்ணில் கைவைக்க முடியாத பிரிட்டிஷ் அரசு ஒற்றர்களை அனுப்பியது, தபாலை இடைமறித்தது, சந்தாதாரர்கள் இருந்த பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் பத்திரிகை நுழையவிடாமல் செய்தது. 1910-ல் பத்திரிகை நின்றே போனது. 1918 நவம்பரில் பாரதி எல்லையைத் தாண்டியதும் பிடித்து, மூன்று வாரத்துக்கு மேல் கடலூர் ஜெயிலில் வைத்தார்கள். பெயர் இருப்பவரைப் பிடிப்பது, பின்தொடர்வது, வருமானத்தை அடைப்பது, எல்லையில் காத்திருப்பது என்று அன்று செய்ததில் எதுவும் இன்றைக்குக் கைவிடப்படவில்லை. கருவிகள்தான் மாறியிருக்கின்றன.

சட்டத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பயம் அங்கிருந்துதான் வர வேண்டும். 1923-ல் போட்ட அலுவல் ரகசியச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதன் 3-வது பிரிவு உளவு பார்ப்பது பற்றியது. ராணுவம் சம்பந்தப்பட்டதாக இருந்தால் 14 வருடம் வரை தண்டனை. 5-வது பிரிவுதான் நிருபர்களுக்கு வம்பு. ரகசியக் காகிதத்தைக் கொடுத்தவர் மட்டும் குற்றவாளி இல்லை, அது ரகசியம் என்று தெரிந்து வாங்கியவரும் குற்றவாளி. 3 வருடம் வரை. இதில் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம், 3-வது பிரிவுப்படி குறிப்பிட்ட ஒரு செயலைச் செய்தார் என்று நிரூபிக்காமலே, சூழ்நிலையையும் நடத்தையையும் வைத்துத் தண்டிக்க முடியும். விசாரணையை மூடிய கதவுக்குள் நடத்தவும் வழி உண்டு. நமக்குச் சாதகமாக ஒன்றே ஒன்று: அரசின் ஒப்புதலோடு புகார் வந்தால்தான் நீதிமன்றம் இந்த வழக்கை எடுத்துக்கொள்ள முடியும். லோக்கல் இன்ஸ்பெக்டர் தானாகவே கடைசி வரை கொண்டுபோக முடியாது. ஆனால் அவர் பிடித்து உள்ளே வைப்பதற்கு அது பெரிய தடை இல்லை.

இதே சட்டம்தான் பர்மாவிலும். 1923-ல் பர்மா பிரிட்டிஷ் இந்தியாவோடு இருந்ததால் அவர்களுக்கும் அதுவே சொத்தாகப் போய்ச் சேர்ந்தது. 2017 டிசம்பரில் ராய்ட்டர்ஸ் நிருபர்கள் வா லோன், கியாவ் சோ ஊ இருவரும் ராணுவம் ரோகிங்கியா ஆண்கள் பத்துப் பேரைக் கொன்றதை விசாரித்துக்கொண்டிருந்தார்கள். போலீஸ்காரர்கள் சாப்பிடக் கூப்பிட்டு, கையில் சுருட்டிய காகிதங்களைக் கொடுத்தார்கள். வெளியே வந்ததும் ரகசிய ஆவணம் வைத்திருந்ததாகக் கைது. ஏழு வருடத் தண்டனை கொடுத்து, 511 நாள் கழித்து 2019 மே மாதம் மன்னிப்பில் விட்டார்கள். இதில் நான் இளைஞர்களுக்கு எப்போதும் சொல்வது அந்த நிருபர்களைப் பற்றி இல்லை. இது திட்டமிட்ட பொறி என்று கோர்ட்டில் வந்து உண்மையைச் சொன்ன ஒரு போலீஸ் கேப்டன் இருந்தார். அவரையும் ஜெயிலில் போட்டார்கள், அவர் குடும்பத்தைப் போலீஸ் குடியிருப்பிலிருந்து வெளியேற்றினார்கள். கேட்காமலே ஒருவர் கட்டுக் காகிதத்தை நீட்டினால் உங்கள் தம்பி முதலில் யோசிக்க வேண்டியது, "இவர் ஏன் என்னைத் தேடி வந்தார்?" என்பதைத்தான்.

நம் நாட்டிலும் உதாரணம் உண்டு. காஷ்மீர் டைம்ஸ் நிருபர் இப்திகார் கிலானியை 2002 ஜூனில் டெல்லியில் பிடித்தார்கள். அவர் கணினியில் ராணுவ ரகசியம் இருந்ததாம். அது பாகிஸ்தானில் ஓர் ஆய்வு நிறுவனம் அச்சிட்டு வெளியிட்ட, யார் வேண்டுமானாலும் வாங்கிப் படிக்கக்கூடிய வெளியீட்டில் இருந்தது. இதில் ரகசியம் எதுவும் இல்லை என்று கடைசியில் ராணுவ உளவுத்துறையே சொல்ல வேண்டியதாயிற்று. வழக்கை அரசு திரும்பப் பெற்றது. அதற்குள் ஏழு மாதம் திகாரில் கழிந்துவிட்டது, அங்கே அடியும் வாங்கிவிட்டார். 'ரகசியம்' என்று முத்திரை குத்திய ஒரே காரணத்துக்காக ஒரு காகிதம் ரகசியமாகிவிடாது என்று டெல்லி நீதிமன்றம் ஒன்று 2009-ல் சொல்லி, அமைச்சரவைக் குறிப்பை வெளியிட்ட ஒரு பத்திரிகையாளரை விடுவித்ததும் உண்மை. அந்தத் தீர்ப்புக்கு அவர் பல வருடம் காத்திருந்தார் என்பதும் உண்மை.

பக்கத்திலேயே இன்னொரு வழக்கை வைத்துப் பாருங்கள். 2019-ல் ரஃபேல் போர் விமான ஒப்பந்த ஆவணங்களைத் தி இந்து நாளிதழ் வெளியிட்டது. ஆவணங்கள் திருடப்பட்டவை, அலுவல் ரகசியச் சட்டம் பாயும் என்று அட்டர்னி ஜெனரல் உச்ச நீதிமன்றத்தில் சொன்னார். அந்த ஆவணங்களைப் பார்க்கக் கூடாது என்ற அரசின் ஆட்சேபத்தை ஏப்ரல் 10 அன்று நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பொதுநலன் பெரிதாக இருந்தால் ரகசியச் சட்டத்தையும் மீறித் தகவல் தரலாம் என்று தகவல் உரிமைச் சட்டத்தின் 8(2) பிரிவு சொல்வது அந்தத் தீர்ப்பில் முக்கிய இடம் பிடித்தது. பெரிய பத்திரிகை, பெயர் தெரிந்த ஆசிரியர், நல்ல வக்கீல்கள். அந்தக் குடை கடலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு மொபைலில் செய்தி டைப் அடிக்கிறவர் வரை நீளுமா என்று கேட்டால், நான் பார்த்தவரை நீளாது. வம்பு வந்தால் "அவர் எங்கள் ஊழியர் இல்லை, செய்தி அனுப்புகிறவர்" என்று கைகழுவிய நிர்வாகங்களை எனக்குத் தெரியும்.

அரசு அங்கீகார அட்டை விஷயத்தையும் சொல்கிறேன், பலருக்குத் தெரியாது. பழைய தந்திச் சட்டத்திலும் 2023 தொலைத்தொடர்புச் சட்டத்திலும் பத்திரிகைச் செய்திகளை இடைமறிக்கக் கூடாது என்று ஒரு பாதுகாப்பு இருக்கிறது, விதிவிலக்குகளோடு. யாருக்கு? அரசு அங்கீகாரம் பெற்ற செய்தியாளருக்கு. பகுதி நேர நிருபர்களில் எத்தனை பேரிடம் அங்கீகார அட்டை இருக்கிறது? அலுவலகம் அச்சடித்துக் கொடுத்த அடையாள அட்டை வேறு, அது வேறு. செய்தி மூலத்தைச் சொல்ல மாட்டேன் என்ற உரிமையும் அப்படித்தான். 1978 பிரஸ் கவுன்சில் சட்டத்தின்படி கவுன்சிலின் முன்னால் மட்டும் அதைச் சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது. போலீஸ் ஸ்டேஷனில் அந்தப் பேச்சுக்கு இடமில்லை.

கன்னியாகுமரியில் நடந்ததைப் புதுச்சேரிக்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். 2018 நவம்பரில் பிரெஞ்சுப் பத்திரிகையாளர்கள் இருவர் கடற்கரைத் தாது மணல் பற்றிப் படமெடுக்க மணவாளக்குறிச்சிக்கு வந்தார்கள். அங்கே இருப்பது மத்திய அரசின் அணுசக்தித் துறையைச் சேர்ந்த மணல் ஆலை. தடை செய்யப்பட்ட இடத்துக்குள் வந்தார்கள் என்று புகார் கிளம்பியது. வந்தவர்கள் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். விசாரணையும் அலைக்கழிப்பும் மொழிபெயர்க்கக் கூடப் போன தமிழ்நாட்டுக்காரர்கள் தலையில் விழுந்தது. நம் ஊரில் பிரெஞ்சு பேசத் தெரிந்தவர்களுக்கு இந்த மாதிரி வேலை அவ்வப்போது வரும். இரண்டு நாள் கூட வந்தால் போதும், நல்ல காசு என்பார்கள். எங்கே போகிறோம், அனுமதி யார் பெயரில், பிரச்சினை வந்தால் வக்கீல் செலவு யாருடையது என்று எழுதி வாங்காமல் வண்டியில் ஏறக் கூடாது. 2020-ல் ஹத்ராஸ் போகும் வழியில் கேரளப் பத்திரிகையாளர் சித்திக் கப்பனைச் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தில் பிடித்தபோது, வாடகைக்குக் கார் ஓட்டி வந்த டிரைவரும் இரண்டு வருடத்துக்கு மேல் உள்ளே இருந்தார்.

சரி, உங்கள் தம்பியின் விஷயத்துக்கு வருகிறேன். 'சாகர் கவச்' ஒத்திகை நடக்கும்போது, தீவிரவாதி வேடத்தில் படகில் வந்த போலீசாரைப் பிடித்தார்கள் என்று எல்லாப் பேப்பரிலும் படத்தோடு செய்தி வரும். படமும் தகவலும் போலீசே கொடுப்பது. அதுவும் பாதுகாப்புச் செய்திதான், அதை எழுதி யாரும் மாட்டியதில்லை. மத்திய அரசின் கடலோரப் பாதுகாப்புத் திட்டம் 2005-ல் முதல் கட்டமாகவும் 2011-ல் இரண்டாம் கட்டமாகவும் வந்தது. மரைன் போலீஸ் ஸ்டேஷன்கள், 5 டன், 12 டன் ரோந்துப் படகுகள், எரிபொருள், பராமரிப்பு என்று பணம் வந்தது. அந்தப் பணத்தின் பில் எங்கே என்று கேட்டவுடன் அதே விஷயம் 'நாட்டின் பாதுகாப்பு' ஆகிவிடும். கேள்வி காண்டிராக்டரைப் பற்றியது, பதில் எல்லையைக் காட்டி வரும். என் அனுபவத்தில் பாதுகாப்பு என்ற சொல் அதிகம் புழங்குவது கணக்கு சரியில்லாத இடத்தில்தான்.

காண்டிராக்டர் என்றதும் சத்தீஸ்கர் நினைவுக்கு வருகிறது. பீஜப்பூரில் முகேஷ் சந்திரகர் என்ற இளம் நிருபர் இருந்தார். 2021-ல் மாவோயிஸ்ட்கள் பிடித்து வைத்த துணை ராணுவ வீரரை மீட்டுக் கொண்டுவந்ததில் அவருக்கும் பங்கு உண்டு. அப்படிப்பட்டவர் 2025 ஜனவரி 1 அன்று காணாமல் போய், இரண்டு நாள் கழித்து ஒரு காண்டிராக்டருக்குச் சொந்தமான இடத்தில் செப்டிக் டாங்கிலிருந்து எடுக்கப்பட்டார். அவர் வெளியே கொண்டுவந்தது சாலை போட்டதில் நடந்த ஊழலை. ராணுவ ரகசியம் எதுவும் அதில் இல்லை.

இலங்கையில் நடந்தவை நம் வாசகர்களுக்குப் பழக்கமானவைதான், சுருக்கமாகச் சொல்கிறேன். 2000 அக்டோபரில் யாழ்ப்பாணத்தில், ஊரடங்கு நேரத்தில், ராணுவம் சுற்றி நின்ற பகுதியில், பி.பி.சி.க்குச் செய்தி அனுப்பிய நிமலராஜனை வீட்டிலேயே சுட்டுக் கொன்றார்கள். 2008 மே மாதம் பாதுகாப்பு விவகாரங்களை எழுதிவந்த கீத் நொயாரைக் கடத்தி, அடித்து, விட்டார்கள். 2009 ஜனவரி 8 அன்று கொழும்பில் வேலைக்குப் போகும் வழியில் கொல்லப்பட்ட லசந்த விக்கிரமதுங்கவின் பத்திரிகை, உக்ரைனிலிருந்து மிக் விமானங்கள் வாங்கியதில் இருந்த குளறுபடியை எழுதியிருந்தது. பாகிஸ்தானில் சையத் சலீம் ஷாஜாத், கடற்படைக்குள் அல்-கொய்தா ஊடுருவியிருப்பதை எழுதிய சில நாளில் கடத்தப்பட்டு, 2011 மே மாதக் கடைசியில் கால்வாயில் பிணமாகக் கிடைத்தார். போரை எழுதியவர்களை விட, போரின் பெயரால் யார் என்ன சம்பாதிக்கிறார்கள், படைக்குள் யார் நுழைந்திருக்கிறார்கள் என்று எழுதியவர்கள் மீதுதான் கோபம் அதிகமாக இருந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

நம் பக்கத்தில் உடல் ரீதியான தாக்குதல் வருவது பெரும்பாலும் லோக்கல் ஆட்களிடமிருந்து. 2020 நவம்பரில் குன்றத்தூர் பக்கம் மோசஸ் என்ற இளம் நிருபர் வெட்டிக் கொல்லப்பட்டார். 2024 ஜனவரியில் பல்லடத்தில் ஒரு தொலைக்காட்சி நிருபர், அடையாளம் தெரியாத ஆட்கள் தன்னை நோட்டம் விடுகிறார்கள் என்று மணிக்கணக்காகப் போலீசுக்குப் போன் செய்துகொண்டே இருந்தார். போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே வெட்டு விழுந்தது. உயிர் பிழைத்தார். அந்த ஆடியோவைத் தமிழ்நாடு முழுக்கக் கேட்டது. எனவே மிரட்டல் வந்தால் போனில் சொல்வதோடு நிற்கக் கூடாது. எழுத்தில் புகார் கொடுத்து மனு ரசீது வாங்க வேண்டும், நகலை எஸ்.பி. அலுவலகத்துக்கும் ஆசிரியருக்கும் மெயிலில் அனுப்ப வேண்டும். அன்றைக்கு இரவு வேறு வீட்டில் தங்க வேண்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

போனைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். பெகாசஸ் என்ற உளவு மென்பொருள் பற்றி 2021 ஜூலையில் செய்தி வெளியானதும் எல்லோரும் அதைப் பற்றியே பேசினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த குழு பார்த்த 29 போன்களில் 5-ல் ஏதோ ஒரு தீய மென்பொருள் இருந்தது, அது பெகாசஸ்தான் என்று உறுதியாகவில்லை; அரசு குழுவுக்கு ஒத்துழைக்கவில்லை என்று தலைமை நீதிபதியே 2022 ஆகஸ்டில் சொன்னார். 2023 அக்டோபரில் ஆப்பிள் நிறுவனமும் இந்தியப் பத்திரிகையாளர்கள் சிலருக்கு எச்சரிக்கை அனுப்பியது. ஆனால் கடலூரில் ஒரு பகுதி நேர நிருபர் யாரிடம் பேசுகிறார் என்று கண்டுபிடிக்க அத்தனை விலை உயர்ந்த சரக்கு எதற்கு? கால் டீட்டெயில், அதாவது எந்த எண்ணோடு எப்போது எந்த டவரிலிருந்து பேசினார் என்ற பதிவு, போதும். சிக்னல் செயலியில் பேசினாலும் வாட்ஸ்அப்பில் பேசினாலும் இரண்டு போனும் ஒரே நேரத்தில் ஒரே டவரில் இருந்தது தெரிந்துவிடும். தகவல் தருபவரைப் பார்க்கப் போகும்போது போன் வீட்டிலேயே இருக்கட்டும், அணைத்து எடுத்துக்கொண்டு போவதை விட அது மேல். சில்வர் பீச்சிலோ புதுச்சேரி கடற்கரைச் சாலையிலோ சந்திக்க வேண்டாம். நம் ஊர்களில் டீக்கடைக்கு டீக்கடை சொந்தக்காரன் நிற்பான், தனிப்பிரிவு ஏட்டும் நிற்பார்.

போன் பறிமுதல்தான் உண்மையான அடி. 2023 அக்டோபர் 3 அன்று நியூஸ்கிளிக் என்ற செய்தி இணையதளம் தொடர்பாக டெல்லியில் ஒரே நாளில் ஏராளமான பத்திரிகையாளர்களின் போன், லேப்டாப் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனார்கள். அதன் ஆசிரியரைக் கைது செய்தபோது காரணத்தை எழுத்தில் தரவில்லை என்பதால் அந்தக் கைதே செல்லாது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்தத் தீர்ப்பைத் தம்பி நினைவில் வைத்துக்கொள்ளட்டும். யாரைக் கைது செய்தாலும் காரணத்தை எழுதித் தரும்படி கேட்கலாம். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 105-வது பிரிவுப்படி சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுக்க வேண்டும். மகஜரில், அதாவது பறிமுதல் பட்டியலில், போனின் மாடல், ஐ.எம்.இ.ஐ. எண் இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் தரவின் ஹாஷ் மதிப்பையும் (தரவின் கைரேகை போன்ற எண், ஏதாவது மாறினால் அதுவும் மாறிவிடும்) குறித்துத் தரும்படி கேட்க வேண்டும், இல்லாவிட்டால் பிறகு உள்ளே எதைச் சேர்த்தார்கள், எதை எடுத்தார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. பாஸ்வேர்டு தரக் கட்டாயப்படுத்தலாமா என்பதில் உயர் நீதிமன்றங்கள் ஒரே மாதிரி பேசவில்லை. எனவே அங்கே நின்று தானே வாதாடாமல் வக்கீலைக் கூப்பிடச் சொல்லுங்கள். இதையெல்லாம் விட நல்லது, பறிமுதல் ஆனாலும் தகவல் தந்தவரின் பெயர் கிடைக்காத போனை வைத்திருப்பது.

தகவல் தருபவரைப் பற்றி நிருபர்கள் குறைவாகவே பேசுகிறார்கள். 2017-ல் தேவ்லாலி ராணுவ முகாமில் அதிகாரிகளின் வீட்டு வேலைக்கு வீரர்களைப் பயன்படுத்துவது பற்றி ஓர் இணைய ஊடகம் ரகசியக் கேமராவில் படமெடுத்தது. முகத்தை மறைத்துத்தான் வெளியிட்டார்கள். சில நாளில் அதில் பேசிய வீரர் ஒருவர் இறந்து கிடந்தார். நிருபர் மீது அலுவல் ரகசியச் சட்டத்திலும் தற்கொலைக்குத் தூண்டியதாகவும் வழக்கு வந்தது. 2019-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சட்டப்படி நிருபர் மீது குற்றம் இல்லை. அந்த வீரருக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. அமெரிக்காவில் அதே 2017-ல் ரியாலிட்டி வின்னர் என்ற பெண் அனுப்பிய ஆவணத்தை, உண்மைதானா என்று சரிபார்க்க நிருபர்கள் அரசுத் தரப்புக்கே நகலெடுத்துக் காட்டினார்கள். காகிதத்தில் இருந்த மடிப்பு, அதை யாரோ அச்செடுத்து வெளியே கொண்டுபோனதைக் காட்டிக்கொடுத்தது. அச்செடுத்தவர்கள் சிலரே என்பதால் ஆளைப் பிடிக்க நேரமாகவில்லை. 63 மாதத் தண்டனை. கடலூரில் ஒரு மரைன் ஸ்டேஷனில் எத்தனை பேர் வேலை செய்வார்கள்? ஒரு லாக் புத்தகத்தின் பக்கத்தைப் படமெடுத்துப் போட்டால் அன்று யார் பணியில் இருந்தார் என்று மதியத்துக்குள் தெரிந்துவிடும்.

அப்புறம், எல்லா ரகசியமும் ஊழலை மூடும் போர்வை என்று நினைக்கும் நிருபரோடு எனக்கு ஒப்புதல் இல்லை. 2008 மும்பைத் தாக்குதலின்போது தொலைக்காட்சிகள் கமாண்டோக்களின் நடமாட்டத்தை நேரலையில் காட்டின. அதைப் பார்த்துத்தான் எல்லைக்கு அப்பால் இருந்தவர்கள் உத்தரவு கொடுத்தார்கள் என்று கசாப் வழக்கில் 2012-ல் உச்ச நீதிமன்றம் கடுமையாகவே எழுதியது. இப்போது கேபிள் டிவி விதிகளிலேயே தீவிரவாத எதிர்ப்பு நடவடிக்கையை நேரலை செய்யக் கூடாது என்று இருக்கிறது. எந்தப் படகு எந்த இரவு எந்தப் பக்கம் போகாது என்று எழுதுவது ஊழல் செய்தி ஆகாது, கடத்தல்காரனுக்கு அட்டவணை. எத்தனை லிட்டர் டீசலுக்குப் பில் போட்டார்கள், எத்தனை மணி நேரம் ஓடியதாகக் கணக்கு என்பது செய்தி. தம்பி இரண்டாவதோடு நின்றால் சட்டத்தின் முன்னாலும் மனசாட்சியின் முன்னாலும் கொஞ்சம் நிமிர்ந்து நிற்கலாம்.

எப்படித் தொடங்குவது? காகிதத்தைத் தேடி யாரிடமும் போவதற்கு முன்னால் ஏற்கெனவே வெளியே கிடப்பதைப் படிக்க வேண்டும். தணிக்கைத் துறையின் அறிக்கைகள், உள்துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கைகள், மக்களவையில் கேட்ட கேள்விகளுக்கு வந்த பதில்கள், டெண்டர் அறிவிப்புகள். பாதிக் கதை அங்கேயே இருக்கும், அதற்காக யாரும் ரகசியச் சட்டத்தைக் காட்ட முடியாது. கிலானிக்கு நடந்ததை மேலே சொன்னேன், அதனால் எங்கிருந்து எடுத்தோம் என்பதைத் தேதியோடு குறித்து வைப்பது அவசியம். தகவல் உரிமை மனு போடலாம். உளவு, பாதுகாப்பு அமைப்புகளுக்கு 24-வது பிரிவு விலக்கு தருகிறது என்று பதில் வரக்கூடும். ஊழல், மனித உரிமை மீறல் பற்றிய தகவலுக்கு அந்த விலக்கு செல்லாது என்று அதே பிரிவில் எழுதியிருக்கிறது. மனுவில் வீட்டு முகவரி வேண்டாம். தபால் பெட்டி எண் கொடுத்தால் போதும் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2013-ல் சொன்ன தீர்ப்பு இருக்கிறது. நம் மாதிரி ஊர்களில் மனுதாரரின் பெயர் சம்பந்தப்பட்டவரிடம் எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேரும் என்று உங்களுக்கே தெரியும்.

துறைமுகத்தின் மேலேயோ கேப்பர் மலை ஜெயில் மேலேயோ டிரோன் விடவே கூடாது. 2021 டிரோன் விதிகள் எந்த இடத்தில் பறக்கலாம் என்று வண்ணம் வண்ணமாகப் பிரித்து வைத்திருக்கின்றன. இரண்டு நிமிடப் படத்துக்காக நல்ல செய்தியை வழக்காக மாற்றிக்கொள்ள வேண்டாம்.

அலுவலகத்திடம் ஒன்று மட்டும் கேட்கச் சொல்லுங்கள்: "இந்தச் செய்தியை நீங்கள் செய்யலாம்" என்று செய்தி ஆசிரியரிடமிருந்து ஒரே ஒரு மெயில். நியமனக் கடிதம் கிடைக்காது, அது எனக்கும் தெரியும். அந்த ஒரு வரி மெயில் கையில் இருந்தால் 'இவர் யாரென்றே தெரியாது' என்று நாளைக்குச் சொல்வது கஷ்டம். அதைக்கூடத் தரத் தயங்கும் அலுவலகத்துக்காக இந்தச் செய்தியைச் செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. வேறு ஊரில் இருக்கும் இன்னொரு நிருபரையும் சேர்த்துக்கொண்டு இரண்டு பெயரில் வெளியிடலாம். ஒருவரை அமுக்கினாலும் செய்தி நிற்காது என்று தெரிந்தால் அமுக்குவதில் லாபமில்லை.

நீங்கள் இருப்பது பாகூர், அவர் வேலை கடலூரில். முள்ளோடையைத் தாண்டினால் போலீஸ் மாறும். இந்தப் பக்கம் யூனியன் பிரதேசப் போலீஸ், அந்தப் பக்கம் தமிழ்நாடு போலீஸும் அதன் உளவுப் பிரிவான கியூ பிரிவும். உயர் நீதிமன்றம் இரண்டுக்கும் சென்னையில்தான். கடலூர் வழக்குக்கு அங்கே முன்ஜாமீன் வாங்கினால் புதுச்சேரியில் போடும் இன்னொரு வழக்குக்கு அது உதவாது. இரண்டு பக்கமும் ஆஜராகும் வக்கீல் ஒருவரைச் செய்தி வருவதற்கு முன்பே பார்த்து, வக்காலத்துப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு வைக்கட்டும். எண் போனில் மட்டும் இருந்தால் போன் போகும்போது அதுவும் போய்விடும், அதனால் வீட்டுக் காலண்டரில் எழுதி வையுங்கள்.

தடுக்கலாமா என்று கேட்டீர்கள். நான் தடுக்க மாட்டேன். மேலே சொன்ன மெயிலும் வக்கீலும் இல்லாமல் போகிறேன் என்றால் மட்டும் தடுப்பேன்.

வீட்டில் இருப்பவர்களுக்கு: செய்தி வந்த வாரத்தில் யாராவது வந்து, "சும்மா விசாரிச்சுட்டுப் போகலாம்னு வந்தேன், தம்பி யார்கூடப் பழகுறாப்ல?" என்று திண்ணையில் உட்காரலாம். மரியாதையாகத் தண்ணீர் கொடுங்கள். பெயர், பதவி, எந்த ஸ்டேஷன் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். "அவன் வந்ததும் வக்கீலோடு ஸ்டேஷனுக்கு வருவான், எதுவானாலும் எழுத்தில் கொடுங்கள்" என்பதற்கு மேல் அம்மா ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். அவருடைய நண்பர்களின் பெயரை, நல்லவர்கள் என்று சொல்வதற்காகக்கூட, சொல்ல வேண்டாம்.